நீர் சொல்லும் சாட்சி

விடியற்காலையில் குளக்கரைக்குச் சென்ற ஒருவர் தாமரை இலைகளுக்கிடையே ஓர் உடல் மிதப்பதைக் காண்கிறார். ஊர் கூடுகிறது. பொலிசாருக்குச் செய்தி போகிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து சேர்கிறார். கரையில் நிற்போர் எல்லோருக்கும் விடை தெரிந்தது போலவே தோன்றும். தண்ணீரிற் கிடந்தவன் தண்ணீரினால் இறந்தான், இதிலே ஐயம் என்ன என்று அவர்கள் எண்ணுவர். ஆனால் அவ்வுடலைப் பரிசோதிக்க வேண்டிய சட்ட வைத்திய அதிகாரிக்கோ, மருத்துவக் கலையின் மிகக் கடினமான வினாக்களுள் ஒன்று அப்பொழுதுதான் தொடங்குகிறது.

அவர் விடை காண வேண்டிய வினாக்கள் மூன்று. இறந்தவர் உயிருடன் நீரில் வீழ்ந்தாரா, அன்றி இறந்த பின்னர் நீரில் இடப்பட்டாரா என்பது முதலாவது. உயிருடன் வீழ்ந்திருப்பின், நீர் மூச்சை அடைத்ததனால் மாண்டாரா, அன்றி மாரடைப்போ வலிப்போ தலைக்காயமோ காரணமாயிற்றா என்பது இரண்டாவது. நீரே காரணமெனின், அது விபத்தா, தற்கொலையா, பிறரது செயலா என்பது மூன்றாவது. முதலிரண்டும் வைத்தியரின் கத்திக்கும் நுணுக்குக்காட்டிக்கும் ஓரளவு அகப்படக் கூடியவை. மூன்றாவதற்கு உடல் மட்டும் விடை தருவது அரிது.

இவ்வினாக்களில் நேரும் பிழை சிறு பிழையன்று. கொலையை விபத்தென்று எழுதிவிட்டால் கொலைஞன் தலைநிமிர்ந்து நடக்கிறான். அடுத்த உயிரையும் நாடுகிறான். விபத்தைக் கொலையென்று கொண்டால் குற்றமற்ற கணவனோ உறவினனோ தூக்குமேடை வரை செல்ல நேரிடும். தவறி வீழ்ந்த ஒரு பெண்ணைத் தற்கொலை செய்துகொண்டவள் என்று ஊர் பேசுமாயின், அப்பழி அவள் பிள்ளைகளின் தலைமீது ஒரு தலைமுறைக் காலம் நிற்கும். ஆதலினாற்றான் நீரிற் கிடந்த உடலின் சாட்சியம் எத்துணை நம்பத் தக்கது என்பதை அறிஞர் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

இவ்வாராய்ச்சியின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று சீன நாட்டில் எழுந்தது. சொங் வமிச ஆட்சியில் நீதி அதிகாரியாக விளங்கிய சொங் சு என்பவர், 1247 ஆம் ஆண்டில், மரண விசாரணை செய்யும் அதிகாரிகளுக்கென ஒரு கைந்நூலை எழுதினார். அநீதியைக் கழுவி நீக்குதல் என்பது அந்நூற் பெயரின் கருத்து. அடித்துக் கொல்லப்பட்டவரின் உடலை ஆற்றில் எறிந்துவிட்டுத் தற்கொலை எனச் சாதிக்கும் வழக்கம் அந்நாளிலும் இருந்தது. உயிருடன் மூழ்கியவனின் வயிறு நீரால் உப்பியிருக்கும், நகக்கண்களிலே சேறும் மணலும் காணப்படும், கொன்று எறியப்பட்டவனிடம் இவை இரா என்று அவர் வகுத்துக் கூறினார். அவர் சொன்ன குறிகள் யாவும் இன்றைய அறிவுக்கு ஒத்தவையல்ல. ஆயினும் உடலைத் தொட்டுப் பாராமல் தீர்ப்பெழுதலாகாது என்று அவர் வகுத்த நெறி இன்றும் மாறாதது.

நீரில் மூழ்குவோர் உடலில் நிகழ்வதுதான் யாது? தலை நீருள் அமிழ்ந்ததும் மனிதன் தன் மூச்சை அடக்கிக் கொள்கிறான். பெரும்பாலோரால் ஒரு நிமிட நேரம் கூட இவ்வாறு அடக்க இயலாது. இரத்தத்தில் கரியமில வாயு பெருகப் பெருக, மூச்சிழுக்க வேண்டுமென்ற உந்துதல் மன உறுதியை வென்றுவிடுகிறது. வாய் திறக்கிறது; நீர் உட்செல்கிறது. முதலிற் சென்ற நீர் தொண்டையைத் தீண்டியதும் இருமலும், சிலருக்குக் குரல்வளை இறுகி மூடிக்கொள்ளுதலும் உண்டாகின்றன. மூளைக்குச் செல்லும் ஒட்சிசன் குறைய உணர்வு மங்குகிறது. பின்னர் மூச்சு நிற்கிறது. அதன் பின்னர் இருதயமும் நிற்கிறது. இவையனைத்தும் நிகழச் சில நிமிடங்களே போதும்.

நுரையீரலுட் புகுந்த நீர் அங்குள்ள காற்றுடனும் சளியுடனும் கலந்து, முட்டை வெண்கருவை அடித்தாற் போன்ற நுண்ணிய வெண்ணுரையாகிறது. மூக்கிலும் வாயிலும் காணப்படும் இந்நுரையை மரண விசாரணை அதிகாரிகள் நெடுங்காலமாகக் கருத்தூன்றி நோக்கி வந்துள்ளனர். நுரையீரல்கள் நீரும் காற்றும் நிறைந்து, நெஞ்சறையை அடைத்துக்கொண்டு பருத்துக் காணப்படும். 1888 ஆம் ஆண்டில் பல்ராவுவ் என்னும் மருத்துவ அறிஞர், நுரையீரலின் மேற்புறத்தில் மங்கிய செந்நிறப் புள்ளிகள் தோன்றுவதை விரித்துரைத்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

ஆயினும் இக்குறிகளில் எதுவும் முற்றான சான்றாகாது. இருதய நோயினால் நுரையீரலில் நீர் கோத்து இறந்தவரிடத்தும், சில வகை நஞ்சுண்டு இறந்தவரிடத்தும் இத்தகைய நுரை தோன்றும். உள்ளங்கைத் தோல் வெளுத்துத் திரைந்து, துணி வெளுப்பவர் கைபோலத் தோன்றுவதைப் பார்த்து, "தண்ணீரிலே செத்தவன்தான்" என்று கூறுவாருண்டு. அது நீரிற் கிடந்ததற்குச் சான்று. நீரினால் இறந்ததற்குச் சான்றன்று. தோல் மயிர்க்கூச்செறிந்து காணப்படுவதும் அத்தகையதே. வயிற்றில் நீர் இருத்தலும் ஐயத்துக்கு இடமானது. ஆழத்திற் கிடக்கும் சடலத்தினுள் நீர் தானே சிறிது சிறிதாகப் புகக் கூடும். சாகுந் தறுவாயில் இறுகப் பற்றிய நீர்ப்பாசியோ புல்லோ கையில் அவ்வாறே இருக்கக் காண்பது, அவர் உயிருடன் நீரில் இருந்தமைக்கு வலிய சான்றாகும். ஆனால் அத்தகைய சான்று மிக அருமையாகவே கிடைக்கும். வெப்ப நாடுகளின் நீர்நிலைகளில் உடல் விரைவிற் சிதைவதால், ஓரிரு நாட்களுக்குள்ளேயே இருந்த குறிகளும் அழிந்துவிடுகின்றன.

குறிகள் இல்லாத இடத்தில் நீதி எவ்வாறு உண்மையைத் தேடிற்று என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு என்றும் நினைவு கூரத்தக்கது. 1912 ஆம் ஆண்டு யூலை 13 ஆம் நாள், ஹேர்ண் பே என்னும் கடற்கரை ஊரில், பெஸி மண்டி என்ற பெண் குளியற் தொட்டியினுள் இறந்து கிடந்தாள். அவளுக்கு வலிப்பு உண்டென்று சொல்லிக் கணவன் சில நாட்களுக்கு முன்னரே அவளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தான். குளிக்கும்போது வலிப்பு வந்து மூழ்கினாள் என்று விசாரணை முடிந்தது. அவளது செல்வம் கணவனைச் சேர்ந்தது. 1913 ஆம் ஆண்டு திசெம்பர் 12 ஆம் நாள், பிளாக்பூல் நகரத்து விடுதியொன்றில், அலிஸ் பேர்ணம் என்ற புதுமணப்பெண் குளியற் தொட்டியில் இறந்தாள். அடுத்த ஆண்டு திசெம்பர் 18 ஆம் நாள், இலண்டன் ஹைகேற் பகுதியில், மாகிறற் லொவ்ரி என்ற பெண், மணமான மறுநாளே, குளியற் தொட்டியில் இறந்தாள். ஒவ்வொரு முறையும் ஊர் வேறு. கணவன் சொன்ன பெயரும் பெரும்பாலும் வேறு. முடிவு மட்டும் ஒன்று.

மூன்றாவது சாவு பற்றிய செய்தியைப் பத்திரிகையிற் படித்த அலிஸின் தந்தைக்கு நெஞ்சு துணுக்குற்றது. தம் மகளுக்கு நேர்ந்ததே அச்செய்தியில் எழுதப்பட்டிருப்பது போலத் தோன்றவே, அவர் பொலிசாருக்கு அறிவித்தார். மூன்று பெண்களின் கணவனும் ஒருவனே என்பதும், ஜோர்ஜ் ஜோசப் சிமித் என்பதே அவன் உண்மைப் பெயர் என்பதும் தெரிய வந்தன. 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த மரண ஆய்வாளராக விளங்கிய பேர்னாட் ஸ்பில்ஸ்பரி அவற்றைப் பரிசோதித்தார். நஞ்சின் தடயம் இல்லை. கழுத்தை நெரித்த அடையாளமும் இல்லை. போராடியதைக் காட்டும் பெருங்காயமும் இல்லை. வளர்ந்த பெண்ணொருத்தியைப் போராட்டமின்றி நீரில் அமிழ்த்திக் கொல்வது எங்ஙனம் என்பதே பெரும் புதிராக நின்றது.

உடலில் விடை கிடைக்காமையால் ஸ்பில்ஸ்பரி தொட்டியை நோக்கினார். தொட்டியின் நீளத்தையும் பெஸி மண்டியின் உயரத்தையும் ஒப்பிட்டார். வலிப்பு வருங்கால் உடல் முதலில் விறைத்து நீளும். அவ்வாறு நீண்ட உடல், சாய்வான தொட்டியின் தலைப்புறத்தில் மேலேதான் உந்தப்படுமேயன்றித் தலை நீருள் அமிழாது என்று அவர் கணித்தார். விசாரணையை நடத்திய இன்ஸ்பெக்டர் நீல் ஒரு பரிசோதனை செய்தார். நீந்துவதிற் பயிற்சி மிக்க பெண்ணொருத்தி நீர் நிறைந்த தொட்டியில் அமர்ந்தாள். எதிர்பாராத வேளையில் அவளது கால்கள் திடீரெனத் தூக்கி இழுக்கப்பட்டன. தலை சடுதியில் நீருள் அமிழ, மூக்கினுள் நீர் பாய்ந்து, அவள் கையை அசைக்கவும் அவகாசமின்றி உணர்விழந்தாள். அவளுக்கு உணர்வு திரும்ப அரைமணி நேரம் சென்றது. காயமின்றியும் கூச்சலின்றியும் இவ்வாறு கொல்ல இயலும் என்பது தெளிவாயிற்று.

வழக்கு நடந்தது பெஸி மண்டியின் கொலை பற்றியே. எனினும் மற்றை இரு சாவுகளையும் சான்றாகக் காட்ட நீதிமன்றம் இடமளித்தது. ஒரு சாவு தற்செயலாகலாம்; ஒரே விதமான மூன்று சாவுகள் தற்செயலாகா என்பதே வாதம். யூரர்கள் ஏறத்தாழ இருபது நிமிடங்களிற் குற்றவாளி என்று தீர்த்தனர். 1915 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆம் நாள் சிமித் தூக்கிலிடப்பட்டான். இவ்வழக்கில் மருத்துவம் தனித்து நின்று வெல்லவில்லை என்பது கருதத்தக்கது. தந்தையொருவரின் ஐயமும், பொலிசாரின் விடாமுயற்சியும், பத்திரிகைச் செய்தியும் கூடியே வழக்கை நிலைநாட்டின. உடல் சொல்லாததை ஊரும் சூழலும் சொல்லின.

ஆயினும் உடலிலிருந்தே பிழையற்ற ஒரு சான்றைப் பெற இயலாதா என்ற வேட்கை அறிஞரை விடவில்லை. 1921 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து இரசாயன அறிஞர் அலெக்சாந்தர் கெற்லர் ஒரு சோதனையை வெளியிட்டார். நுரையீரலுட் புகுந்த நீர் இரத்தத்திற் கலந்து முதலில் இருதயத்தின் இடப்புறத்தையே அடையும். ஆதலின் உப்பு நீரில் மூழ்கியவரின் இடப்புற இரத்தத்தில் குளோரைட்டு மிகுந்தும், நன்னீரில் மூழ்கியவரிடம் அது குறைந்தும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கேட்போர் மனத்தைக் கவரும் தெளிவான கருத்து இது. நீதிமன்றங்கள் இதனை விரும்பி ஏற்றன. ஆனால் இறந்த பின்னர் இரத்தத்தின் உப்புகள் தாமாகவே இடம்மாறுகின்றன என்பதும், நீரிற் சாவாதவரிடத்தும் இத்தகைய வேறுபாடு தோன்றும் என்பதும் பிற்கால ஆய்வுகளில் வெளிப்பட்டன. சோதனை நம்பிக்கை இழந்தது.

அடுத்து வந்தது தயற்றச் சோதனை. தயற்றம் என்பது குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் வாழும் ஒற்றைக் கல அல்கா. கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர், கண்ணாடியை ஒத்த சிலிக்காவினாலான அழகிய ஓடொன்றைத் தரித்துள்ளது. நைத்திரிக்கமிலத்திலிட்டுக் காய்ச்சினாலும் அவ்வோடு கரையாது. உயிருடன் மூழ்குபவர் நீரை உள்ளிழுக்கும்போது, சிறு தயற்றங்கள் நுரையீரலின் மெல்லிய சுவர்களைக் கடந்து இரத்தத்திற் கலக்கின்றன. இருதயம் துடித்துக் கொண்டிருக்கும் வரை அவை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எலும்பு மச்சைக்கும் எடுத்துச் செல்லப்படும். இறந்த பின் எறியப்பட்ட உடலில் இரத்த ஓட்டம் இல்லாமையால் நீர் நுரையீரலோடு நின்றுவிடும். 1942 ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் இன்சே இவ்வுயிர்கள் உடலுறுப்புக்களை அடைவதை எடுத்துக் காட்டினார். தொடை எலும்பின் மச்சையில் காணப்படும் தயற்றமும், உடல் கிடந்த குளத்து நீரின் தயற்றமும் ஒரே இனமாயின், அக்குளமே சாட்சி கூறுகின்றது எனலாம்.

ஆனால் இச்சாட்சியிலும் குறுக்கு விசாரணைக்கு இடமுண்டு. உணவு மூலமாகவும் மூச்சுக் காற்றின் மூலமாகவும் தயற்றங்கள் உடலுட் புகக்கூடும் என்று சிலர் வாதிடுகின்றனர். ஆய்வுசாலையின் குழாய் நீரிலிருந்தோ கண்ணாடிக் குவளையிலிருந்தோ அவை வந்து சேரவும் கூடும். கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்தில், நீரில் மூழ்கி இறந்தோர் 771 பேர் பற்றிய பதிவுகள் ஆராயப்பட்டு, 1997 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. நன்னீரில் மூழ்கியோருள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேரிடத்தே மட்டும் எலும்பு மச்சையில் தயற்றம் காணப்பட்டது. நீரில் அவை பெருகும் பருவங்களிற் சோதனை கூடுதலாகப் பலித்தது. அவை அருகும் பருவங்களில் பலிக்கவில்லை. ஆகவே தயற்றம் இருப்பின் அது பொருள் பொதிந்த செய்தி. இல்லையெனின் நீரில் மூழ்கவில்லை என்று முடிவு கட்டலாகாது.

இன்று கதிர்ப்படக் கருவிகள் உடலை அறுக்காமலே நுரையீரலிலும் முக எலும்பறைகளிலும் தேங்கிய நீரைக் காட்டுகின்றன. நீரில் வாழும் நுண்ணுயிர்களின் மரபுப் பொருளை உடலுறுப்புக்களில் தேடும் முறைகளும் தோன்றியுள்ளன. எனினும் நீரில் மூழ்கிய சாவு என்னும் முடிவு, பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னர் எஞ்சி நிற்கும் முடிவாகவே இன்றும் கருதப்படுகின்றது. உடலோடு உடையும், கரையின் வழுக்கலும், நீரின் ஆழமும், இறந்தவரின் நோய் வரலாறும், இறுதியாக அவரைக் கண்டோர் கூற்றும் ஒருங்கு வைத்து நோக்கப்படுதல் வேண்டும். "காரணம் உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதும் துணிவும் நல்ல மரண ஆய்வாளருக்கு வேண்டிய குணங்களுள் ஒன்று.

இறந்தோர்மீது நடந்த ஆராய்ச்சி உயிரோடு மீட்கப்பட்டோருக்கும் பயன் தந்தது. 1940 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் சுவான் என்ற ஆய்வாளர் நாய்களைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். நன்னீர் விரைந்து இரத்தத்திற் கலந்து, அதனை நீர்த்துப்போகச் செய்து, இருதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைத்துக் கொல்கின்றது என்றும், கடல் நீரோ இரத்தத்திலிருந்து நீரை நுரையீரலுக்குள் ஈர்த்துக் கொல்கின்றது என்றும் அவர் கண்டார். நெடுங்காலம் மருத்துவ நூல்கள் இதனையே போதித்தன. நன்னீர்ச் சாவு வேறு, உவர்நீர்ச் சாவு வேறு என மாணவர் மனனஞ் செய்தனர்.

மனிதர் நிலை அதுவன்று என்று காட்டியவர் மொடல் என்ற வைத்தியர். அவரும் மயாமி நகர மரண ஆய்வாளர் டேவிஸும் சேர்ந்து, நீரில் மூழ்கி இறந்த 118 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 1969 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தின் உப்புகளைக் குலைக்க வேண்டுமாயின், உடல் நிறை ஒரு கிலோவுக்கு 22 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட நீர் நுரையீரலுட் செல்லல் வேண்டும். அறுபது கிலோ நிறையுடைய ஒருவருக்கு அது ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றருக்கும் அதிகம். இறந்தோரில் நூற்றுக்கு 85 பேர் அவ்வளவு நீரை உள்ளிழுத்திருக்கவில்லை. அப்படியாயின் அவர்களைக் கொன்றது யாது? ஒட்சிசன் இன்மையே. நன்னீராயினும் கடல் நீராயினும், நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாது காக்கும் மெல்லிய படலம் சிறிதளவு நீராலேயே கெட்டுவிடுகின்றது. வேண்டற்பாலது உப்பைச் சரிசெய்வதன்று, தாமதமின்றிக் காற்றூட்டுவதே என்னும் உண்மை இதனால் வலுப்பெற்றது.

"உலர் மூழ்கல்" என்றும் "இரண்டாந்தர மூழ்கல்" என்றும் பல பெயர்கள் ஒரு காலத்தில் வழங்கின. நீர் சிறிதும் புகாமலே பத்தில் ஒருவர் மூழ்கி இறப்பர் என்ற கருத்தும் இருந்தது. பின்லாந்தில் நீரிலிருந்து எடுக்கப்பட்ட 578 உடல்கள் பற்றிய ஆய்வொன்று 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரின் அடையாளமேயற்ற நுரையீரல்கள் அவற்றுள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே காணப்பட்டன. அத்தகைய உடலொன்று கிடைப்பின், இவர் இறந்த பின் எறியப்பட்டவரோ என்று மீளவும் ஆராய்தல் வேண்டும். 2002 ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரிற் கூடிய உலக மாநாடு இப்பெயர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நீரில் அமிழ்ந்து மூச்சுக்கு இடையூறு உறும் நிகழ்ச்சி முழுவதையும் மூழ்குதல் என்ற ஒரே சொல்லால் வழங்குமாறு கூறிற்று. மூழ்கியவர் மாளலாம், ஊனத்துடன் பிழைக்கலாம், ஊனமின்றியும் பிழைக்கலாம்.

அதே அம்ஸ்ரடாம் நகரிற்றான் 1767 ஆம் ஆண்டில் மூழ்கியோரை மீட்பதற்கான சங்கமொன்று முதலில் எழுந்தது. கால்வாய்கள் நிறைந்த அந்நகரில் நாள்தோறும் மக்கள் வீழ்ந்து மாண்டனர். 1774 ஆம் ஆண்டில் இலண்டனிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. அக்காலத்து முறைகள் இன்று நகைப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருவன. மூழ்கியவரைப் பீப்பாயின்மீது கிடத்தி உருட்டினர். மலவாயின் வழியே புகையிலைப் புகையை ஊதிச் செலுத்தினர். அதற்கென்றே துருத்திகளை நதிக்கரைகளில் வைத்திருந்தனர். 1811 ஆம் ஆண்டில் பிறொடி என்ற அறுவை வைத்தியர் புகையிலைச் சத்து இருதயத்தையே நிறுத்தும் நஞ்சென்று காட்டிய பின்னர் அம்முறை மெல்ல மறைந்தது.

வாயோடு வாய் வைத்து ஊதும் முறையைப் பாரிஸ் நகர விஞ்ஞானக் கழகம் 1740 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருந்தது. ஆயினும் அது கைவிடப்பட்டு, கைகளை உயர்த்தித் தாழ்த்தியும் முதுகை அழுத்தியும் மூச்சூட்டும் முறைகளே ஏறத்தாழ நூறாண்டுகள் கோலோச்சின. 1950 ஆம் ஆண்டுகளில் ஈலம், சாவர் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் பழைய முறையின் மேன்மையை நிலைநாட்டினர். தாமே முன்வந்த வைத்தியரும் மருத்துவ மாணவரும் மருந்தினால் மூச்சு நிறுத்தப்பட்டுக் கிடக்க, இரு முறைகளும் அவர்கள்மேற் சோதித்துப் பார்க்கப்பட்டன. முதுகை அழுத்தும் முறையில், நாக்கு தொண்டையை அடைத்தமையால், போதிய காற்று உட்செல்லவில்லை. வாயால் ஊதிய காற்றோ உயிரைத் தாங்கப் போதியதாயிருந்தது. 1960 ஆம் ஆண்டில் நெஞ்சை அழுத்தி இருதயத்தை இயக்கும் முறையும் இதனோடு சேர்ந்தது.

மூழ்குவோர் கைகளை வீசிக் கூக்குரலிடுவர் என்று எல்லோரும் நம்புகின்றனர். நாடகத்திலும் திரைப்படத்திலும் அவ்வாறே காட்டப்படுகின்றது. நியூயோர்க் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா, மூழ்குவோரைப் படம்பிடித்து ஆராய்ந்து, உண்மை வேறென்று 1970 ஆம் ஆண்டுகளில் எடுத்துரைத்தார். மூச்சுக்குத் தவிப்பவருக்குக் குரல் எழுப்பக் காற்று இல்லை. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்குமேயன்றி உதவிக்கு அசையா. உடல் நிமிர்ந்தவாறே நிற்கும். இருபது முதல் அறுபது விநாடிகளுக்குள் தலை அமிழ்ந்துவிடும். பத்தடி தூரத்திற் பேசிக்கொண்டிருக்கும் தாய்க்கும் ஓசை கேட்பதில்லை. நீரில் விளையாடும் குழந்தை திடீரென மெளனமாகிவிடின், அம்மெளனமே அபாய மணி.

குளிர்மிக்க நீர் சிற்சில வேளைகளில் உயிரைக் காப்பதுமுண்டு. 1999 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டிற் பனிச்சறுக்கும்போது உறைந்த ஓடையினுள் வீழ்ந்த ஒரு பெண், எண்பது நிமிடங்கள் பனிக்கட்டியின் கீழ் அகப்பட்டிருந்தார். மீட்கப்பட்டபோது இருதயம் நின்றிருந்தது. உடல் வெப்பம் 13.7 பாகை செல்சியசு வரை தாழ்ந்தது. திறொம்சோ வைத்தியசாலையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி மீளச் செலுத்தி அவரை உயிர்ப்பித்தனர். ஓடையினுள் ஒரு காற்றிடம் அவருக்குக் கிடைத்திருந்ததும், மூச்சு நிற்குமுன்னரே உடல் குளிர்ந்துவிட்டதும் இதற்குக் காரணங்கள். வெப்ப நாட்டுக் குளத்துக்கும் கிணற்றுக்கும் இவ்வரம் இல்லை. இங்கு நிமிடங்களே உயிரை அளக்கும் கோல்.

ஆதலின் நீரிலிருந்து எடுக்கப்பட்டவருக்குக் கரையிற் செய்யப்படுவதே பெரும்பாலும் அவர் விதியைத் தீர்க்கின்றது. தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் வீண் என்பதோடு தீங்குமாகும். வயிற்றிலிருந்து வரும் வாந்தி மூச்சுக் குழலை அடைத்துவிடும். மல்லாக்கக் கிடத்தித் தலையைச் சிறிது பின்சாய்த்து, மூச்சு இல்லையெனின் முதலில் வாய்வழியே ஐந்து முறை காற்று ஊதுதல் வேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தலும் இரண்டு ஊதலுமாக, உதவி வரும் வரை இடைவிடாது தொடர்தல் வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்துக்குச் செய்தி சொல்லி நோயாளர் வண்டியை அழைக்கலாம். பிழைத்து எழுந்தவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். கெட்ட நுரையீரல் சில மணி நேரங்களின் பின்னரும் மூச்சை முட்டச் செய்யும். காப்பாற்றச் செல்பவர் நீந்த அறியாதவராயின் நீரில் குதிக்கலாகாது. கயிறு, கம்பு, சேலை, வெற்றுக் கலன் எதையேனும் எறிந்து இழுத்தல் வேண்டும். ஒருவரைத் தேடிச் சென்று இருவர் மாண்ட வரலாறு பல கிணறுகளுக்கு உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வருவாய் குறைந்த, அல்லது நடுத்தர வருவாயுடைய நாடுகளைச் சேர்ந்தோர். பச்சிளம் பாலகர் பலர் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டு முதல் யூலை 25 ஆம் நாள், மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக தினமாக ஐக்கிய நாடுகள் சபையாற் குறிக்கப்பட்டுள்ளது.

தடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமோவெனின், வேண்டா என்று விடையிறுக்கின்றது பங்களாதேஷ். அங்கு வீட்டைச் சூழக் குளங்களே மிகுதி. தாய் சமையலிலும் தந்தை வயலிலும் ஈடுபட்டிருக்கும் காலை வேளையிலேயே தவழும் குழந்தைகள் குளத்தை நாடுகின்றன. ஆய்வாளர்கள் இச்சாவுகளின் நேரத்தையும் இடத்தையும் வயதையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் ஊர்க் காப்பகங்களை ஏற்படுத்தினர். ஆஞ்சல் என்பது அவற்றின் பெயர். வங்காள மொழியில் சேலை முந்தானையைக் குறிக்கும் சொல் அது. ஊர்ப் பெண் ஒருவரே அவற்றை நடத்துகின்றார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மூங்கில் மேடை அமைத்துக் குளத்திலேயே நீச்சல் பழக்கினர். 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, காப்பகத்திற் சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கிய சாவு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்திருந்தது. நீச்சல் பழகியோரிடத்து அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்தது.

சொங் சு வகுத்த நெறி முதல் பங்களாதேஷின் ஊர்க் காப்பகம் வரை, இவ்வாராய்ச்சிகளின் ஊடே ஒரே இழை ஓடுகின்றது. இறந்தவர் எங்கே, எப்பொழுது, எவ்வாறு இறந்தார் என்று பொறுமையோடு கேட்டறிந்தோரே உயிரோடிருப்போரைக் காக்கும் வழியையும் கண்டனர். விதியென்று தலையிலடித்துக்கொண்டு உடலை அவசரமாக அடக்கம் செய்துவிடும் ஊரில், அடுத்த ஆண்டும் அதே துறையில் அதே வயதுக் குழந்தை மாளும். மரண விசாரணை அதிகாரி எழுதும் ஒவ்வொரு வரியும் இறந்தவருக்குச் செய்யும் நீதியாவதோடு, வேலியில்லாத எந்தக் கிணற்றுக்கு வேலி வேண்டும் என்று ஊருக்குக் காட்டும் குறிப்புமாகும். மதில் இல்லாத கிணறு எந்த ஊரிலும் உண்டு. அதற்கு ஒரு மதில் கட்ட ஒரு நாள் வேலையும் சில மூட்டைச் சீமெந்துமே வேண்டும்.